குடியரசின் முதற் பத்தாண்டும் பம்பாய்த் தமிழரும்: மாநில எல்லையும் உரிமையின் எல்லையும்

முன்னுரை

இந்தியக் குடியரசின் தொடக்க ஆண்டுகளைப் பற்றி எழுதுவோர், 1950 சனவரி 26-இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தமை, 1951–52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தல், 1956-இல் நிகழ்ந்த மாநில மறுசீரமைப்பு ஆகியவற்றை மைல்கற்களாக வரிசைப்படுத்துவர். தமிழக வரலாற்றில் இவ்வரிசையோடு 1953-இல் ஆந்திரம் பிரிந்தமையும் 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி இணைந்தமையும் சேரும். இவை தாயகத் தமிழரின் எல்லையை வரையறுத்த நிகழ்வுகளாகும். இதே பத்தாண்டு, தாயகத்துக்கு வெளியே மற்றொரு மொழிவழி மாநிலத்துள் வாழ்ந்த தமிழரை எந்நிலையில் நிறுத்தியது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பம்பாயின் மாதுங்கா, தாராவி, சுனாபட்டி, செம்பூர் ஆகிய பகுதிகளை முன்னிறுத்தி அவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். குடியுரிமை மாநில எல்லையைக் கடந்து செல்கிறது. மொழியுரிமை எல்லையைக் கடக்கும்போது வேறுருக் கொள்கிறது. பட்டியல் சாதியினர்க்குரிய காப்போ எல்லையிலேயே நின்றுவிடுகிறது. இவ்வேறுபாட்டின் வேர் 1950–60 காலப்பகுதியில் உள்ளது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

எல்லை விரிந்த நகரம்

சுனாபட்டி என்பதற்குச் சுண்ணாம்புச் சூளை என்று பொருள். பழைய பம்பாய்த் தீவின் வட எல்லை சயான். ஆங்கிலேயர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை அங்கு இன்றும் உள்ளது. அதற்கப்பால் இருந்தது போர்த்துக்கீசியரின் சால்செட் தீவு. சயானுக்கும் குர்லாவுக்கும் இடையே அமைந்த சுனாபட்டி, எல்லைக்கு அப்பாற்பட்ட அப்பகுதியைச் சேர்ந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1886-இல் தொடங்கிய சுவதேசி ஆலையால் அது தொழிலாளர் பகுதியாயிற்று. குடியரசு தோன்றிய சில திங்களில், 1950 ஏப்ரலில், புறநகர்ப் பகுதிகள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுப் பெரும்பம்பாய் உருவானபோது, குர்லா, சுனாபட்டி, செம்பூர் ஆகியன நகரின் உறுப்புகளாயின. 1957 பிப்ரவரியில் மாநகர எல்லை தகிசர், முலுண்ட் வரை மேலும் விரிந்தது.

இவ்விரிவுக்கு முன்னரே தமிழர் நகரில் வேரூன்றியிருந்தனர். அலுவலகப் பணி நாடி வந்தோர் மாதுங்காவில் குடியேறினர். அங்குத் தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-இல் தோன்றியது. சண்முகானந்த சங்கீத சபை 1952-இல் அமைந்தது. தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த ஆதி திராவிடரும் முஸ்லிம்களும் தாராவியில் வாழ்ந்தனர். ஒரே நகரில் வாழ்ந்த இவ்விரு பிரிவினர்க்கும் குடியரசு ஒரே குடியுரிமையை வழங்கியது. எனினும் அடுத்துவந்த அரசியல் மாற்றங்கள் இருவரையும் ஒரே விதமாகத் தொடவில்லை.

முதற் பொதுத்தேர்தல்

அரசமைப்பின் 19-ஆம் உறுப்பு நாட்டின் எப்பகுதியிலும் சென்று குடியேறும் உரிமையையும், 326-ஆம் உறுப்பு வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமையையும் அளித்தன. பொது வேலைவாய்ப்பில் பிறந்த இடம் பற்றி வேற்றுமை காட்டலாகாது என 16-ஆம் உறுப்பு விதித்தது. இவ்வுரிமைகளைப் பெறுவதற்குப் பம்பாய்த் தமிழர் தம் ஊரை நோக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பம்பாய் நகர் வடக்கு அத்தேர்தலில் ஈருறுப்பினர் தொகுதியாக இருந்தது. அதன் தனி இடத்துக்குப் போட்டியிட்ட அம்பேத்கர், காங்கிரசைச் சேர்ந்த நாராயண் கஜ்ரோல்கரிடம் ஏறத்தாழ 14,500 வாக்குகளில் தோல்வியுற்றார். அரசமைப்பு வரைவுக்குழுவின் தலைவரே முதல் தேர்தலில் தோற்றது பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. அவர் நிறுவிய அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராக அப்போது விளங்கியவர் தமிழரான ந. சிவராஜ் என்பது ஒப்புநோக்கத்தக்கது. ஒடுக்கப்பட்டோர் அரசியல் மாநில எல்லைகளைக் கடந்து நின்றதற்கு இது சான்றாகும்.

இரு நகரங்கள், ஒரே வினா

மொழிவழி மாநிலக் கோரிக்கையில் சென்னையும் பம்பாயும் ஒத்த சிக்கலுக்கு உள்ளாயின. தார் ஆணையம் 1948-இல் மொழியை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட பிரிவினையை ஏற்கவில்லை. நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமையா ஆகியோரின் குழு 1949-இல், ஆந்திரர் சென்னை நகர் மீதான உரிமைக் கோரிக்கையைக் கைவிட வேண்டும் என்றும், மகாராஷ்டிரம் அமையின் பம்பாய் தனி அலகாக இருக்க வேண்டும் என்றும் கருதியது. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தபின் 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் தோன்றியது. சென்னை தமிழரிடமே நின்றது.

பம்பாயின் சிக்கல் எளிதில் தீரவில்லை. நகரில் மராத்தி பேசுவோர் மிகப்பெரும் பிரிவினராயினும் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். பசல் அலி ஆணையம் 1955 செப்டம்பரில் அளித்த அறிக்கை, குஜராத்தி, மராத்திப் பகுதிகள் இணைந்த இருமொழி மாநிலத்தைப் பரிந்துரைத்தது. 1956 சனவரி 16-இல் பம்பாய் நடுவண் ஆட்சிப் பகுதியாகும் என நேரு அறிவித்ததை அடுத்துக் கிளர்ச்சி வெடித்தது. 1955 நவம்பர் முதல் நடந்த போராட்டங்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிதியமைச்சர் சி.து. தேஷ்முக் பதவி விலகினார். 1956 பிப்ரவரியில் ஒன்றுபட்ட மகாராஷ்டிரக் குழு அமைந்தது. அதில் பொதுவுடைமையர், சமதர்மக் கட்சியினர் ஆகியோருடன் சிவராஜ் தலைமையேற்றிருந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பும் இடம்பெற்றது. 1956 நவம்பரில் உருவான இருமொழிப் பம்பாய் மாநிலம் மூன்றரை ஆண்டே நிலைத்தது. 1960 மே 1-இல் மகாராஷ்டிரமும் குஜராத்தும் பிரிந்து, பம்பாய் மகாராஷ்டிரத்தின் தலைநகராயிற்று.

சென்னையைக் காக்கத் தமிழர் கொண்ட கோட்பாடும் பம்பாயைப் பெற மராத்தியர் கொண்ட கோட்பாடும் அடிப்படையில் ஒன்றே: தலைநகர் அதனைச் சூழ்ந்த மொழி நிலத்துக்கு உரியது. ஆகவே சென்னையில் தமிழர்க்கு நீதியாகத் தோன்றியதைப் பம்பாயில் அநீதி எனல் இயலாது. ஆயின் அந்நீதி நகரில் வாழும் பிறமொழியினரைச் சிறுபான்மையினராக்கும் என்பதும் இரு நகரங்களுக்கும் பொதுவாகும். அம்பேத்கர் 1948-இல் பம்பாய் மகாராஷ்டிரத்துக்கே உரியது என வாதிட்டவர். 1955-இல் எழுதிய ‘மொழிவழி மாநிலங்கள் பற்றிய எண்ணங்கள்’ என்னும் நூலில் அந்நகரைத் தனி நகர மாநிலமாக்க முன்மொழிந்தார். மொழிவழி மாநிலத்தில் சிறுபான்மையினரின் நிலை குறித்த கவலையும் அந்நூலில் வெளிப்படுகிறது.

மொழிச் சிறுபான்மையினர் என்னும் நிலை

1956-ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தம் 350அ, 350ஆ ஆகிய உறுப்புகளைச் சேர்த்தது. முன்னது தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்வதை மாநிலத்தின் கடமையாக்குகிறது. பின்னது மொழிச் சிறுபான்மையினர்க்கெனச் சிறப்பு அலுவலரை அமர்த்துகிறது. மாநிலங்களை மொழிவழிப் பிரித்தபோதே அப்பிரிவினையால் நேரும் இழப்பை ஈடுசெய்ய முயன்றமை அக்காலத் தலைவர்களின் முன்னறிவைக் காட்டுகிறது. பம்பாய் மாநகராட்சி நடத்திவரும் தமிழ்வழிப் பள்ளிகளை இப்பின்னணியில் மதிப்பிடலாம். மொழிச் சிறுபான்மையை அறுதியிடும் அலகு மாநிலமே என்று உச்சநீதிமன்றம் 2002-இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. ஆக, மாநில எல்லையே தமிழர்க்கு மகாராஷ்டிரத்தில் ஓர் உரிமையை ஈந்தது. இங்கு எல்லை காப்பாகப் பயன்பட்டது.

பட்டியலும் மாநில எல்லையும்

எல்லை தடையாகிய இடமும் உண்டு. 1950 ஆகஸ்டு 10-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணை, 341-ஆம் உறுப்பின்படி மாநிலந்தோறும் தனித்தனிப் பட்டியலை வகுத்தது. மைல்கற்களின் வரிசையில் இவ்வாணை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒரு சாதி ‘அம்மாநிலத்தைப் பொறுத்து’ மட்டுமே பட்டியலுக்குரியதாகும் என்பதே இதன் உட்கிடை. தமிழகப் பட்டியலில் உள்ள ஆதி திராவிடர் என்னும் பெயர் மகாராஷ்டிரப் பட்டியலில் இல்லை. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பழங்குடிக் குடும்பத்து மாணவரின் மருத்துவக் கல்விச் சேர்க்கை பற்றிய வழக்கில் 1990-இலும், மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்றிதழ் வழங்குவது பற்றிய வழக்கில் 1994-இலும், புலம்பெயர்ந்தோர் தம் பட்டியல் தகுதியை மற்றொரு மாநிலத்துக்கு உடன்கொண்டு செல்ல இயலாது என உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. 2018-இல் அரசமைப்பு ஆயம் இதனை மீண்டும் உறுதிப்படுத்தியது. ஒரு மாநிலத்தில் ஒரு சாதி அடைந்த தாழ்வு அவ்விடத்துச் சமூகச் சூழலோடு பிணைந்தது என்பது இத்தீர்ப்புகளின் அடிப்படையாகும்.

தாராவியை நோக்கின் இதன் விளைவு தெளிவாகும். தாராவி சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, மக்களவையின் தனித்தொகுதியில் எம்மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவரும் போட்டியிடலாம். சட்டமன்றத் தனித்தொகுதியிலோ அம்மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவரே போட்டியிடலாம். எனவே தாராவியில் வாழும் ஆதி திராவிடர் ஒருவர், தமிழகச் சான்றிதழைக் கொண்டு நாடாளுமன்றத் தனித்தொகுதி எதிலும் நிற்கலாம். தம் தெருவை உள்ளடக்கிய சட்டமன்றத் தொகுதியில் நிற்க இயலாது. அண்டைத் தொகுதியாகிய சயான் கோலிவாடா பொதுத்தொகுதி. அதில் தமிழரான இரா. தமிழ்ச்செல்வன் 2014-இல் வெற்றி பெற்றமை இவ்வேறுபாட்டை மேலும் விளக்கும். மொழியால் எதிர்ப்பு எழக்கூடிய பொதுத்தொகுதியில் திறந்திருந்த வாயில், ஒடுக்கப்பட்டோர்க்கென வகுத்த தொகுதியில் ஒடுக்கப்பட்ட தமிழர்க்கு அடைபட்டுள்ளது.

பட்டியல்களை மாநிலந்தோறும் அமைத்ததற்குத் தக்க காரணம் உண்டு என்பதை மறுத்தல் கூடாது. ஒரு மாநிலத்து ஒடுக்கப்பட்டோரின் பங்கினைப் பிற மாநிலத்தார் குறைத்துவிடாமல் அது காக்கிறது. எனினும் தாழ்வு ஊரோடு நின்றுவிடும் என்னும் கருத்து, உறவினர் ஒருவரையொருவர் அழைத்துவந்து ஊராகவே குடியேறிய தாராவி போன்ற இடங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பது ஆய்வுக்குரியது.

முடிவுரை

1966 சூன் 19-இல் சிவசேனை தோன்றித் தென்னிந்தியர்க்கு எதிரான இயக்கத்தை நடத்தியது. பம்பாய்த் தமிழரின் இடர்ப்பாட்டை எழுதுவோர் பெரிதும் அங்கிருந்தே தொடங்குகின்றனர். இக்கட்டுரை காட்டுவது அதற்கும் முந்திய, ஓசையற்ற ஒரு தொடக்கத்தை. 1950-இல் சுனாபட்டி நகரின் எல்லைக்குள் வந்தது; அதே ஆண்டில் பட்டியல் சாதியினர் ஆணை மாநில எல்லையால் வரையறுக்கப்பட்டது; 1956-உம் 1960-உம் அவ்வெல்லைக்கு மொழியின் உறுதியைத் தந்தன. மாதுங்காவின் கல்வி நிறுவனத்துக்குச் சிறுபான்மை உரிமைக்கு வழிவகுத்ததும் தாராவியின் தொழிலாளியிடமிருந்து பட்டியல் தகுதியை விலக்கியதும் இவ்வொரே எல்லையாகும். புலம்பெயர் தமிழர் வரலாற்றை எழுதுங்கால் அவர்களை ஒரே தொகுதியாகக் கருதாமல், எல்லை எவர்க்குக் காப்பாயிற்று, எவர்க்குத் தடையாயிற்று எனப் பிரித்தறிதல் வேண்டும். பிற நகரங்களில் வாழும் தமிழர் பற்றியும் இவ்வகை ஆய்வுகள் மேற்கொள்ளப்படின், குடியரசின் முதற் பத்தாண்டு குறித்த நம் பார்வை மேலும் நிறைவுறும்.