ட்ரீஃபெல்ஸ் கோட்டையும் காட்டுக்குள் இருக்கும் மற்ற இடிபாடுகளும்

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி, ஃபெல்ட்ஸர்வால்ட் என்று ஒரு பெரிய காடு இருக்கிறது. 'வால்ட்' என்றால் ஜெர்மன் மொழியில் காடு. பீச், பைன், ஓக் மரங்கள். மரங்களுக்குக் கீழே சிவப்பு மணற்பாறை. மழையும் காற்றும் அரித்து அரித்து அந்தப் பாறைகள் காட்டின் நடுவே சுவர் போலவும் தூண் போலவும் தனித்து நிற்கின்றன. 1992இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1998இல் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பிரான்சின் வடக்கு வோஷ் மலைக்காட்டையும் இதோடு சேர்த்து இரண்டு நாடுகளுக்கும் பொதுவான காப்பகமாக ஆக்கினார்கள்.

முதுகில் ஒரு பை, காலில் கெட்டியான ஷூ, கையில் வரைபடம். இப்படி இந்தக் காட்டில் நடக்க வருபவர்கள் ஏராளம். நடந்து களைத்தால் சாப்பிட, 1902இல் தொடங்கிய நடைப்பயணச் சங்கத்தின் குடில்கள் வழியெங்கும் இருக்கின்றன. அரை லிட்டர் கண்ணாடித் தம்ளரில் வெள்ளை ஒயினும் சோடாவும் கலந்து கொடுப்பது அங்கே வழக்கம். ஆனால் வருகிறவர்களில் பலர் மேலே ஏறுவது ஒயினுக்காகவோ மரத்துக்காகவோ இல்லை. கோட்டைகளுக்காக.

ஏன் இத்தனை கோட்டைகள்? காரணம் அந்தப் பாறைகள்தான். 12, 13ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களுக்கு இயற்கையே பாதிக் கோட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டது. மணற்பாறை மிருதுவானது. குடைந்தால் அறை, செதுக்கினால் படிக்கட்டு, தோண்டினால் மழைநீர்த் தொட்டி. வெட்டி எடுத்த கல்லையே மேலே அடுக்கினால் சுவர். பெர்வார்ட்ஸ்டைன் கோட்டையில் கிணற்றைப் பாறைக்குள் 104 மீட்டர் ஆழம் வெட்டியிருக்கிறார்கள். வெடிமருந்து இல்லாமல், உளியும் சுத்தியலும் மட்டும் வைத்துக்கொண்டு! எத்தனை பேர், எத்தனை வருடம் உள்ளே இறங்கி வெட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிக் கட்டியவை எப்படி இடிந்தன? சிலவற்றைப் பீரங்கி இடித்தது. ஃப்ரான்ஸ் ஃபான் ஸிக்கிங்கன் என்ற வீரப் பிரபு 1522இல் ட்ரியர் நகரத்துப் பேராயர் மீது படையெடுத்துத் தோற்றார். அடுத்த வருடம் மூன்று ஆட்சியாளர்கள் சேர்ந்து அவருடைய நான்ஸ்டைன் கோட்டையைச் சுட்டுத் தள்ளினார்கள், அவரும் அங்கேயே செத்தார். அவருக்கு வேண்டியவர்களின் ட்ராஹன்ஃபெல்ஸ் கோட்டையும் அதே 1523இல் போனது. 1525இல் வரி தாங்க முடியாத விவசாயிகள் கிளர்ந்தெழுந்து லிண்டல்ப்ரூன் போன்ற கோட்டைகளைக் கொளுத்தினார்கள். 1688 முதல் 1697 வரை நடந்த போரில் பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் படை ஊர்களையும் கோட்டைகளையும் தகர்த்துக்கொண்டே போனது. அருகில் இருக்கும் ஸ்பெயர் நகரம் 1689இல் எரிந்தது அப்போதுதான். மிச்சம் மீதியை இடி மின்னலும், வீடு கட்டக் கல் தேடி வந்த ஊர்க்காரர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஆன்வைலர் என்ற சின்ன ஊருக்கு மேலே இருக்கும் மலையைப் பார்க்கிறவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். சுற்றிலும் எல்லாமே இடிந்து கிடக்க, அந்த ட்ரீஃபெல்ஸ் கோட்டை மட்டும் எப்படி ஓடு வேய்ந்த கூரையோடு, உயரமான கோபுரத்தோடு, முழுசாக நிற்கிறது?

அதற்கு முன் ட்ரீஃபெல்ஸின் கதை. 1081இல் முதன்முதலாக ஆவணத்தில் வரும் இந்தக் கோட்டை சாதாரணப் பிரபுவின் கோட்டை கிடையாது, பேரரசரின் கோட்டை. பேரரசின் மணிமுடி, செங்கோல், புனித ஈட்டி ஆகியவை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பல காலம் இங்கேதான் பத்திரமாக இருந்தன. அரசருக்கு ஒரே தலைநகரம் என்று இல்லாமல் ஊர் ஊராகப் போய் ஆண்ட காலம் அது. முடி எவர் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை என்று நம்பினார்கள். அதனால் அதை வைத்திருந்த மலைக்கும் அவ்வளவு மதிப்பு.

இங்கே வந்த கைதிகளில் பெரியவர் இங்கிலாந்து மன்னர் சிங்க இதயன் ரிச்சர்ட். சிலுவைப் போரிலிருந்து வேஷம் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியவர், 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டார். பிடித்த ஆஸ்திரியப் பிரபு லியோபோல்ட் அவரைப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார். 1193 வசந்த காலத்தில் ரிச்சர்ட் சில வாரங்கள் ட்ரீஃபெல்ஸில் இருந்தார். பாடகர் ப்ளோண்டல் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய்த் தன் மன்னரைக் கண்டுபிடித்தார் என்று ஒரு அழகான கதை உண்டு. கதைதான், வரலாறு இல்லை. உண்மையில் மன்னரை மீட்டது பாட்டு இல்லை, பணம். கேட்டது 150,000 மார்க் வெள்ளி. இங்கிலாந்தில் வருமானத்திலும் சொத்திலும் நாலில் ஒரு பங்கை வரியாகப் போட்டார்கள். துறவிகளின் ஆட்டு ரோமத்தைக்கூட விடவில்லை. பெரும்பகுதி வந்து சேர்ந்த பிறகு, 1194 பிப்ரவரியில்தான் விட்டார்கள்.

அந்தப் பணம் எங்கே போனது தெரியுமா? அதை வைத்துப் படை திரட்டிய ஹென்றி, 1194 மே மாதம் ட்ரீஃபெல்ஸிலிருந்து கிளம்பி இத்தாலிக்குப் போய் சிசிலி ராஜ்யத்தைப் பிடித்தார். அந்த வருட கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூட்டிக்கொண்டார். சிசிலி அரசர்களின் பொக்கிஷம் மலையேறி இந்தக் கோட்டைக்கு வந்தது. சிசிலியில் இருந்து ஜெர்மனிக்குப் போனவற்றில் 1133-34இல் பலெர்மோவில் நெய்த சிவப்புப் பட்டு மேலங்கியும் ஒன்று. அதில் ஒட்டகத்தை அடித்து வீழ்த்தும் சிங்கமும், ஓரம் முழுக்க அரபி எழுத்தும் இருக்கும். பின்னாளில் கிறிஸ்தவப் பேரரசர்கள் முடிசூட்டு விழாவில் போட்டுக்கொண்டது அரபி எழுதிய அந்த அங்கியைத்தான்! இப்போது அது மணிமுடியோடு வியன்னாவில் இருக்கிறது. ட்ரீஃபெல்ஸில் வைத்திருக்கும் முடியும் செங்கோலும் நகல்கள்.

பேரரசர்களின் காலம் போன பிறகு கோட்டையின் காலமும் போனது. 1602இல் மின்னல் விழுந்து எரிந்தது. பிறகு நெடுங்காலம் அது ஒரு கல் குவாரி மாதிரிதான். கோபுரத்தின் கீழ்ப்பகுதியும் சில சுவர்களும் மட்டும் மிஞ்சின.

முழுசாக நிற்கும் கோட்டைக்கு விடை 1938இல் இருக்கிறது. இந்தப் பகுதி அப்போது பவேரியா மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த மாநிலத்தின் நாஜி முதல்வர் லுட்விக் ஸீபர்ட், ட்ரீஃபெல்ஸைப் பேரரசின் பெருமையைச் சொல்லும் நினைவிடமாக எழுப்ப முடிவு செய்தார். நாஜிகளுக்கு இது தேவைப்பட்டது. தங்கள் ஆட்சியைப் பழைய பேரரசின் வாரிசாகக் காட்ட வேண்டும். அதே 1938இல்தான் ஹிட்லர் அசல் மணிமுடியை வியன்னாவிலிருந்து நியூரம்பெர்க்குக் கொண்டு போனார் (1946இல் அது திரும்பிப் போய்விட்டது).

வேலையை ஏற்ற கட்டடக் கலைஞர் ருடால்ஃப் எஸ்டரர். அசல் மண்டபம் எப்படி இருந்தது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை, அடித்தளம் மட்டும்தான் இருந்தது. அவர் அதற்காகத் தயங்கவில்லை. தெற்கு இத்தாலியில் அந்தப் பேரரசர்கள் கட்டிய கோட்டைகளை மனதில் வைத்து, இரண்டு மாடி உயரத்தில் ஒரு பேரரசர் மண்டபத்தைக் கற்பனை செய்து கட்டினார். போர் வந்து வேலையை நிறுத்தியது. வியப்பு என்னவென்றால், நாஜி ஆட்சி ஒழிந்த பிறகும் 1950களில் அதே எஸ்டரரின் திட்டப்படி வேலை தொடர்ந்தது. 1960களில் கோபுரத்தையும் உயர்த்தினார்கள். ஆக, தூரத்திலிருந்து பார்த்து 'ஆஹா, 12ஆம் நூற்றாண்டு!' என்று படம் எடுக்கிறோமே, அதில் பெரும்பகுதிக்கு வயது நூறுகூட ஆகவில்லை.

இப்படிக் கட்டலாமா கூடாதா என்பது ஜெர்மனியில் பழைய சண்டை. காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஹைடல்பெர்க் அரண்மனையை முழுசாகத் திரும்பக் கட்ட வேண்டும் என்று சிலர் கிளம்பியபோது, கலை வரலாற்றாசிரியர் கியோர்க் டேஹியோ 1901இல் கடுமையாக எதிர்த்தார். இருப்பதைக் காப்பாற்றுங்கள், இல்லாததை உண்டாக்காதீர்கள் என்பது அவர் கட்சி. பெரும்பாலும் அவர் பேச்சுதான் நின்றது, ஹைடல்பெர்க் இன்றும் இடிபாடாகவே அழகாக இருக்கிறது. எஸ்டரரோ பழைய கட்டடத்தைக் காப்பதிலும் புதிய படைப்புக்கு இடம் உண்டு என்றவர். அவருடைய வேலை மட்டம் என்றும் சொல்ல முடியாது. அதே சிவப்புக் கல், நல்ல கொத்தர்கள், உறுதியான கட்டுமானம். அதுதான் சிக்கலே. மோசமாகக் கட்டியிருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

பெர்வார்ட்ஸ்டைனும் திரும்பக் கட்டியதுதான். 1591இல் எரிந்ததை 1893இல் ஒருவர் விலைக்கு வாங்கிக் கூரை போட்டார். ஆனால் அது ஒரு தனி மனிதரின் ஆசை. அந்தக் கோட்டையின் பழைய தலைவர் ஹான்ஸ் ஃபான் ட்ரோட்டா ஆற்றை அணை கட்டி மறித்து, பிறகு அணையை உடைத்து விஸ்ஸம்பூர் ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளைப் பயமுறுத்த இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்தக் கூரையை யாரும் ஒரு ஆட்சியின் விளம்பரமாகப் போடவில்லை. ட்ரீஃபெல்ஸின் கூரை அதற்காகவே போட்டது. 1193 என்று ரிச்சர்டின் கதையைச் சொல்லும் வழிகாட்டி, அதே மூச்சில் 1938 என்றும் சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கி ஏறி வருகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

ட்ரீஃபெல்ஸுக்குப் போகிறவர்கள் அங்கேயே திரும்பிவிடாமல் அதே மலைத்தொடரில் தெற்கே நடந்தால், இன்னும் இரண்டு கோட்டைகள் வரும். முதலில் அனெபோஸ். பாறை மட்டும் பாக்கி, கோட்டை இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். அடுத்தது ஷார்ஃபன்பெர்க். ஊர்க்காரர்கள் அதை 'ம்யூன்ட்ஸ்' என்பார்கள், நாணயம் என்று அர்த்தம். 1219இல் ஆன்வைலருக்கு நகர உரிமையோடு நாணயம் அடிக்கும் உரிமையும் கிடைத்தது, அதன் ஞாபகம். அங்கே மரங்களுக்கு மேலே ஒரு சதுரக் கோபுரம் தனியாக நிற்கிறது. மண்டபம் இல்லை, மணிமுடி நகல் இல்லை, டிக்கெட்டும் இல்லை. துருத்திக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய கற்களை அங்கே நன்றாகப் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது ட்ரீஃபெல்ஸ் கோபுரத்தை அடியிலிருந்து பாருங்கள். எந்தக் கல் பேரரசர்கள் காலத்தது, எங்கிருந்து எஸ்டரர் தொடங்குகிறார் என்று தேட அது ஒரு நல்ல வழி.