செபமும் பாவசங்கீர்த்தனமும் நோயாளியும்

முதல் வெள்ளிக்கு முந்திய வியாழன் பின்னேரங்களில் கடைசிப் பாடம் நடப்பதில்லை. எம்மை வரிசையாகக் கோவிலுக்கு அழைத்துச் செல்வார்கள். முழங்காலில் நின்று ஆத்தும சோதனை செய்துவிட்டு, முறை வந்ததும் பாவசங்கீர்த்தனத் தொட்டியடிக்குப் போவோம். "பொய் சொன்னேன், தங்கச்சியோடு சண்டை பிடித்தேன், பூசையில் பராக்குப் பார்த்தேன்." மாதந்தோறும் இதே பட்டியல்தான். இன்று ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருந்து இதை வாசிக்கும் எம் வகுப்புக்காரிகளுக்கும் அது மனப்பாடமாகவே இருக்கும்.

எமது தீவகத்தில் இந்த வரிசைக்கும் நோய்க்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்பார்கள், நவநாள் தொடங்குவார்கள். வீட்டார் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்குவார்கள். இதற்கான வேர் யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நோயுற்றவர் சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும், ஒருவருக்கொருவர் பாவங்களை அறிக்கையிட்டுக் குணமடையச் செபியுங்கள் என்பது அதன் சாரம். சிறு வயதில் நாம் அதை எழுதியவர் எங்கள் ஊர்காவற்றுறைக் கோவில் யாகப்பர்தான் என்று பெருமைப்பட்டோம். அவர் செபதேயுவின் மகன், திருமுகத்துக்கு உரியவராகச் சொல்லப்படுபவர் வேறொரு யாக்கோபு என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

இங்கே ஒரு காலத்தில் செபம் இருந்தது, பாவசங்கீர்த்தனம் இல்லை. 1658இல் எம் துறைக்கு எதிரே நிற்கும் கடற்கோட்டையும் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாகின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஞானஸ்நானத்தை அவசரத்தில் எவரும் கொடுக்கலாம். செபமாலை சொல்வதற்குக் கதவைச் சாத்தினால் போதும். ஆனால் பாவமன்னிப்புக்குக் குரு வேண்டும். மனதில் கிடப்பதைச் சொல்ல ஆளில்லாமல் நோயிலும் சாவிலும் கிடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அந்தத் தலைமுறை செபத்தை விடவில்லை. விடாப்பிடியான செபம் என்றால் என்னவென்று எம்மிடம் கேட்டால் நாம் அவர்களைத்தான் காட்டுவோம்.

1687இல் கோவையைச் சேர்ந்த யோசப் வாஸ் அடிகளார் யோவான் என்ற துணையாளோடு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்தார். போட்டிருந்தது கூலியாள் வேடம். (இந்தக் கோவை போர்த்துக்கேயரின் கோவா, கோயம்புத்தூர் அல்ல.) வந்தவருக்கு வயிற்றோட்டம். தொற்றிவிடும் என்று பயந்த சனங்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியில் உயிர் தப்பினார் என்பது எம்மிடையே வழங்கிவரும் வரலாறு. அவள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. பெண்கள் பாடசாலையின் மலரில் அதைச் சொல்லாமல் போக எமக்கு மனமில்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்த்தார். பிறகு சில்லாலையில் தங்கி, இரவுகளில் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பூசை வைத்தார்.

பத்து ஆண்டுகளின் பின், 1697இல், கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகன் யோசப் கர்வால்யோ அடிகளாரும் கொட்டில் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள், புண் கழுவினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற பேதம் பார்க்கவில்லை. செபிக்கிறோம் என்று சொல்லித் தண்ணீரையும் துணியையும் அவர்கள் தள்ளி வைக்கவில்லை. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது எம்மில் சிலர் அந்தக் கூட்டத்தில் நின்றோம்.

மருந்துக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் உள்ள உறவு எப்போதும் சுமுகமாக இருந்ததில்லை. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று சட்டம் வைத்தது. வைத்தியர் நோயாளியைக் கண்டதும் முதலில் ஆன்ம வைத்தியரை அழைக்கச் சொல்லவேண்டும் என்பது அதை அடுத்த சட்டம். நோய் முற்றிய பிறகு குருவை அழைக்கச் சொன்னால் நோயாளி சாகப்போகிறோம் என்று மனம் உடைகிறான் என்பதையும் காரணமாகச் சொன்னது. எம் வீடுகளிலும் அதே பயம்தானே! சுவாமி எண்ணெயோடு படியேறினால் அழுகை தொடங்கிவிடும். அதன் பெயரே 'அவஸ்தைபூசுதல்'. 1972இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் சடங்கைத் திருத்திய பிறகுதான் 'நோயில் பூசுதல்' என்ற பெயர் எம்மிடம் மெல்லப் பழகியது. அந்தப் பழைய சட்டம் நோய் சிலவேளை பாவத்தால் வரும் என்றது. அந்தச் 'சிலவேளை'யைச் சனங்கள் மறந்தே போனார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் இல்லை என்றே இயேசு சொன்னார்.

நாமும் அதை மறந்தவர்கள்தான். அறுபதுகளில் விடுதியில் எம்மோடு படித்த ஒருத்திக்கு வலிப்பு வரும். யாழ்ப்பாணத்து வைத்தியர் கொடுத்த மாத்திரை ஒரு போத்தலில் இருந்தது. அவளுக்காக நவநாள் தொடங்கியபோது எம்மில் ஐந்தாறு பேர் அவளைத் தனியே கூப்பிட்டு, உண்மையான விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டோம். மறைத்த பாவம் ஏதும் இருந்தால் சொல்லிவிடு என்றும் சொன்னோம். அவள் மாத்திரைகளைக் கிணற்றில் போட்டாள். ஒன்பதாம் நாள், பூசை நேரத்தில், முன்பு ஒருபோதும் வராத அளவுக்கு வலிப்பு வந்தது. சிஸ்டர் எல்லாரையும் நிறுத்தி விசாரித்தார். நாம் வாய் திறக்கவில்லை. உண்மை சொன்னது அவள் மட்டும்தான், அதுவும் வைத்தியரிடம் மட்டும். எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாத்திரை மறுபடி தொடங்கியது, வலிப்புக் குறைந்தது. நவநாளும் அதற்குப் பிறகு ஒன்பது நாளோடு நிற்கவில்லை. அந்தத் தவணை முழுவதும் தொடர்ந்தது. அடுத்த வியாழன் நாம் அதே வரிசையில் நின்றோம். அதே பட்டியலைச் சொன்னோம்.

இந்த மலர் வேலைக்காகக் கூடியபோதுதான் அவளிடம் நேரே சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மாத்திரை இன்றும் கைப்பையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு அது அப்பவே தெரியும். நீங்கள் எப்ப சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றாள். பிறகு சிரித்தாள். "அந்த ஒன்பது நாளும் சிஸ்டர் எனக்கு மட்டும் முட்டைக்கோப்பி தந்தவ. அதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை."