சம்பளம் இல்லாத பேராசிரியை

கணவர் வேலைக்காகக் கடல் கடக்கும் பெண்ணின் படிப்பு என்ன ஆகும்? பெண்ணை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த நம்மில் பலருக்கு இது பழகிய கவலைதான்.

மரியா கெப்பர்ட் மேயர் 1930-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். கணவர் ஜோசப் அமெரிக்கர், வேதியியல்காரர். அவருக்கு பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்க, மரியாவும் போனார். கணவர் பணிபுரியும் இடத்தில் மனைவிக்கு ஆசிரியர் வேலை தரக்கூடாதென்று விதி! ஜெர்மன் கடிதங்களைக் கவனிக்கச் சொற்பச் சம்பளம் கொடுத்தார்கள், ஆராய்ச்சி இலவசம். அங்கிருந்தவர்களோடு சேர்ந்து வேதியியல் பக்கம் திரும்பினார்.

1946-ல் கணவரோடு சிகாகோ. அங்கே பேராசிரியர் பதவி உண்டு, சம்பளம் கிடையாது. பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய ஆர்கான் ஆய்வுக்கூடம்தான் பகுதிநேர வேலை தந்தது. அணுக்கரு இயற்பியல் அவருக்குப் புதுசு. நாற்பது வயதில் உட்கார்ந்து படித்தார். அணுக்கருவுக்குள் துகள்கள் வெங்காயம்போல் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை 1949-ல் விளக்கினார்.

பொறுமைசாலி என்று புகழ்கிறார்கள். எனக்கென்னவோ, பெரிய பல்கலைக்கழகங்கள் ஒரு மேதையிடம் ஓசியில் வேலை வாங்கியதாகவே படுகிறது. முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி 1960-ல்தான், சான் டியாகோவில் கிடைத்தது.

1963-ல் நோபல் பரிசு. அந்த ஊர்ப் பத்திரிகை போட்ட தலைப்பில் அவர் விஞ்ஞானி இல்லை. 'சான் டியாகோ அம்மா'!