உப்புக்கு ஒரு வாசல்

நொய்யல் கெட்ட கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் சொல்வார்கள். ஆறு சிவப்பாக ஓடியது, நீலமாக ஓடியது என்று. ஆனால் வயலைச் சாகடித்ததில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத உப்புக்கு.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு எதற்கு? தண்ணீரில் நனைந்த பருத்தி இழையில் எதிர்மின்னூட்டம் இருக்கும். 1956-ல் ஐ.சி.ஐ. நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாய வகைக்கும் அதேதான். ரெண்டும் ஒன்றையொன்று தள்ளும். நடுவில் சோடியம் அயனிகள் புகுந்து சமாதானம் செய்துவைத்தால்தான் சாயம் இழையை நெருங்கும். அதனால் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பைக் கொட்டுவார்கள். வேலை முடிந்ததும் சாயம் துணியில் தங்கும். உப்பு கிட்டத்தட்ட முழுசாகக் கழிவுநீரோடு போய்விடும்.

நிறத்தைச் சிதைத்துவிடலாம். சோடியம் தனிமம், அதைச் சிதைக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். இங்கே அது போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம். பாசனத்துக்காக 1992-ல் கட்டிய அணை, சாயக்கழிவுக் குட்டையாகிப் போனது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலைமை வந்தது.

வேர்ச் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அயனிகள் அதில் தானாக நுழைய முடியாது. புரதங்களால் ஆன வாசல்கள் வேண்டும். பொட்டாசியத்துக்கென்று இருக்கும் வாசல்கள், மண்ணில் சோடியம் மிகுந்தால் திணறிப்போகும். சோடியம் முண்டியடித்து உள்ளே நுழையும், பயிர் கருகும்.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் 2006-லும், மேல்முறையீட்டில் 2009-லும் தீர்ப்பு வந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. திறக்க வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது.

அதற்குக் கைகொடுத்தது ஆர்.ஓ. சவ்வு. நடைமுறைக்கு உதவும் முதல் ஆர்.ஓ. சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செய்தவர்கள் இருவர்: சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் கொண்ட இந்தியர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் செல்லுலோஸ் அசிடேட். அதாவது பனியனில் இருக்கும் அதே செல்லுலோஸின் உறவுக்காரன்.

ஆனால் ஆர்.ஓ. ஆள் பார்த்து அனுமதிக்காது; தண்ணீரை விட்டு, உப்பு என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நானோ சவ்வுகள் சல்ஃபேட்டை நிறுத்திக் குளோரைடைப் பெருமளவு விடும், அதுவும் தோராயம்தான். எவாப்பரேட்டரில் காய்ச்சிப் பிரித்த நல்ல உப்பு மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக அடுக்கில் ஏறுகிறது.

வேர் போலத் தேர்ந்தெடுக்கும் வாசலை மனிதர்கள் செய்ய முடியாதா? அதன் தொடக்கம் ஒரு தற்செயல். டூபாண்ட் நிறுவனத்தில் வேலைபார்த்த சார்லஸ் பெடர்சன் முனைவர் பட்டம் வாங்காதவர். 1960-களின் தொடக்கத்தில் வேறெதையோ தயாரிக்கும்போது, துணைவிளைபொருளாகக் கொஞ்சம் வெள்ளைப் படிகம் கிடைத்தது. அதைக் கீழே கொட்டாமல் ஆராய்ந்தார். வளையம் போன்ற மூலக்கூறு. நடுவில் ஆறு ஆக்சிஜன்கள். பொட்டாசியம் அந்தக் குழிக்குள் கச்சிதமாக உட்காரும். வெளிப்புறம் எண்ணெய்த்தன்மை என்பதால் அயனியைச் சுமந்துகொண்டு சவ்வைக் கடக்கும். கிரீடம் போல இருந்ததால் கிரௌன் ஈதர் என்று பெயர். 1967-ல் கட்டுரை, 1987-ல் நோபல்.

இயற்கையில் இதே வேலையைச் செய்யும் வாலினோமைசின், சோடியத்தைவிடப் பொட்டாசியத்தைச் சுமார் 10,000 மடங்கு விரும்பும். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கருவிகளில் பொட்டாசிய அளவைச் சொல்லும் சென்சார்களில் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் அயனியைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு நாளில் கோடிக்கணக்கான லிட்டர் சாயக்கழிவில், கட்டுப்படியாகும் செலவில் அதைச் செய்ய இன்னும் தெரியவில்லை.

அதுவரைக்கும் அந்த மூட்டைகள் ஏதோ ஒரு கூரையின் கீழ் காத்திருக்கும். உப்பு தண்ணீரில் கரையும். கூரை ஒழுகினால் ஒரு மழை போதும்.