வேம்பும் யானையும் செங்கழுகும்

உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருந்தான். வெளியே நலங்கிள்ளியின் படை முற்றுகையிட்டு நின்றது. இருவருமே சோழர். இருவருக்கும் நடுவே நின்று கோவூர்கிழார் பேசிய பேச்சு புறநானூற்றின் 45ஆம் பாடலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் முதலில் சுட்டியது தலையில் இருந்த பூவை. உன்னை எதிர்த்து நிற்பவன் சேரனின் பனம்பூவைச் சூடியவனும் அல்லன், பாண்டியனின் வேம்பைச் சூடியவனும் அல்லன். உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. ஆகவே யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார்.

சீருடை இல்லாத காலத்துப் போர்க்களத்தில் நம்மவன் யார், பகைவன் யார் என்று பிரித்துக் காட்டியது பூ. தொல்காப்பியப் புறத்திணையியல் மூவேந்தர் படைகளின் பூக்களைத் தனியே எடுத்துச் சொல்கிறது. போரின் கட்டங்களுக்கும் அங்கே பூப்பெயர்களே இருக்கின்றன: ஆநிரை கவர வெட்சி, மண்ணைக் கருதிப் படையெடுக்க வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, நேருக்கு நேர் பொருத தும்பை, வென்றபின் வாகை. இந்த இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் பார்த்தால் வீரனின் தலைப்பூ இரண்டு செய்திகளைத் தாங்கியது புரியும். அவன் யாருடைய ஆள், எந்த வேலையில் நிற்கிறான். இன்றைய சிப்பாயின் தோளில் தைக்கப்படும் துணிச்சின்னமும் இதே இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை சொல்கிறது.

பூ வாடிவிடும். கழல் வாடாது. தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன் களம் புகுந்த காட்சியை இடைக்குன்றூர் கிழார் பாடியிருக்கிறார் (புறம் 77). காலில் இருந்த சிறுவர் கிண்கிணியைக் கழற்றிவிட்டு அங்கே கழல் கட்டியிருந்தான். தலையில் வேம்பின் தளிரோடு உழிஞைக் கொடியைச் சேர்த்துச் சூடியிருந்தான். குடியின் அடையாளம், போரின் அடையாளம், வீரன் என்ற தகுதியின் அடையாளம் மூன்றையும் அந்த இளைஞன் ஒரே நேரத்தில் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டான். அரசனிடம் சிறப்புப் பெற்ற வீரன் அதைச் சொல்லிப் பெருமை கொள்வதற்கும் தொல்காப்பியம் ஒரு துறை வகுத்திருக்கிறது: மாராயம் பெற்ற நெடுமொழி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சிக்கல் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவலூரில் எழுந்தது. அந்த ஊரை ஆண்ட மலையமான்கள் மூவேந்தரும் துணைக்கு அழைத்த படைத்தலைவர்கள். மலையமான் திருமுடிக்காரியை நாடி மூவேந்தரின் தூதும் வரும் என்கிறார் கபிலர். அந்தக் காரிதான் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தவன். பிறருக்காகப் போரிடும் இப்படிப்பட்ட படைக்கு எது அடையாளம்? தேர்வண் மலையனைப் பாடிய வடம வண்ணக்கன் பெருஞ்சாத்தனார் ஒரு விடை தருகிறார் (புறம் 125). மலையன் துணை நின்ற போரில் வென்ற சோழன், எனக்கு வெற்றி தந்தவன் இவன் என்றான். தோற்ற சேரனும், இவன் மட்டும் வராமல் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்றான். வீரனுக்கு இதைவிடப் பெரிய சான்று கிடைப்பது அரிது. களத்தில் நின்றான் என்பதைப் பகைவனே சொல்லிவிட்டான்.

களத்திலேயே விழுந்தவனுக்குச் சூட்டிக்கொள்ள உடம்பு இல்லை. அவனுக்காகக் கல் நின்றது. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. அந்தக் கல்வெட்டுகளைப் படிப்பவருக்கு ஒரு ஒழுங்கு கண்ணில் படும். அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். பிறகு யாருடைய ஆள், எந்தப் பூசலில், எதற்காகப் பட்டான் என்பது. பெரும்பாலும் தொறு, அதாவது ஆநிரை, மீட்கும் சண்டை. ஏறத்தாழ ஒரு படைவீரனின் பணிப்பதிவேடு அது. எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனின் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். உடன் நின்ற நாயையும் விட்டுவிட ஊராருக்கு மனம் வரவில்லை. இந்தச் சான்றுகளில் நெஞ்சைத் தொடுவது இதுவே.

கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில் நிலைமை தலைகீழாக மாறியது. அடையாளத்தைத் தீர்மானிப்பவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். சுமப்பவன் உள்ளூர்ச் சிப்பாய். சென்னைப் படைக்கு 1805 நவம்பரில் புதிய உடை விதிகள் வந்தன. தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்து ஆணை அது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். வேலூரில் மறுத்துப் பேசிய சிப்பாய்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டை வெடித்தது. 69ஆம் படைப்பிரிவின் வெள்ளைச் சிப்பாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கம்பெனி தரப்பின் தளபதி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது இந்தியச் சிப்பாய்கள் பல நூறு பேர் கொல்லப்பட்டனர். கிளர்ச்சிக்குக் கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பம், ஊதியக் குறை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் தலைப்பாகையை ஓரத்தில் தள்ளிவிட முடியாது. அந்தக் கட்டளை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். தன் குறியை அழித்துவிட்டு அந்நியன் குறியை ஏற்று என்று சொன்னால் சிப்பாய் உயிரையும் பணயம் வைப்பான் என்பதைக் கம்பெனி அன்று கண்டது.

அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1808இல், ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் வந்தது. 1799 முற்றுகையில் பங்கெடுத்தவர்களுக்காக இங்கிலாந்தில் அடிக்கப்பட்டது அது. தளபதிகளுக்குப் பொன், கீழே வரவரப் பொன்முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம், கடைசியில் சிப்பாய்க்குத் தகரம். முகப்பில் ஒரு சிங்கம் புலியை வீழ்த்துகிறது. புலி திப்புவின் சின்னம். ஒரே களத்தில் ஒரே குண்டுமழையில் நின்றவர்களை உலோகத்தால் பிரித்து வைத்த இந்தப் பதக்கம் வரலாற்றில் மறக்கக்கூடாத ஒரு பாடம்.

யானைச் சின்னத்தின் கதை வேறு. இன்றைய மராட்டிய மாநிலத்தின் ஜால்னா மாவட்டத்தில் உள்ள அசாயேயில் 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லெஸ்லி மராத்தியப் படையை எதிர்கொண்டார். அவருடைய படையில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள். அவர் பக்கத்து இழப்பு கடுமை: கொல்லப்பட்டும் காயம்பட்டும் சரிந்தவர்கள் 1,500க்கும் மேல். அங்கே நின்ற படைப்பிரிவுகளுக்கு யானைச் சின்னம் வழங்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு, இந்திய அரசுகளை அடக்கக் கம்பெனி நடத்திய போர்களின் வெற்றிச் சிறப்புகளை இந்திய ராணுவம் கொண்டாடுவதில்லை என்று ஒதுக்கியது. யானை மட்டும் போகவில்லை. குன்னூர் வெலிங்டனில் மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் தொப்பியில் அது இன்றும் நிற்கிறது. ஒதுக்கப்பட்டது அந்தப் போரின் நோக்கம். களத்தில் நின்ற சிப்பாயின் துணிவை யாரும் ஒதுக்கவில்லை. இந்தப் பிரிப்பு நேர்மையானது.

தோளில் துணிச்சின்னம் தைக்கும் வழக்கம் உலகப் போர்களின் விளைவு. 1918இல் அமெரிக்காவின் 81ஆம் டிவிஷன் காட்டுப்பூனைச் சின்னத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறியது. மற்றப் பிரிவுகள் முதலில் முணுமுணுத்து, பிறகு தாங்களும் ஆளுக்கொரு சின்னம் கேட்டு வாங்கின. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கப் படையில் இன்னொரு வழக்கம் வந்தது. இப்போது பணிபுரியும் பிரிவின் சின்னம் இடத்தோளில். எந்தப் பிரிவோடு போர்க்களம் கண்டானோ அதன் சின்னம் வலத்தோளில். வலத்தோள் வெறுமையாக இருந்தால் அவன் இன்னும் களம் காணாதவன் என்று முகாமில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இந்தியப் பிரிவுகளில் நான்காம் டிவிஷனின் செங்கழுகு பெயர் பெற்றது. எரித்திரியாவின் கெரென், இத்தாலியின் காசினோ மலை என்று அது போன இடங்களிலெல்லாம் மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகளும் போயின. அவர்களில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, பின்னால் வந்தவர் ஒரு கண்ணியை மிதித்துவிட்டார். அது வெடிக்கும் முன் சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்து மூடிக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

அதே செங்கழுகுப் பிரிவுதான் 1962இல் வடகிழக்கு எல்லையில் சீனப் படையிடம் சிதறியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1965 செப்டம்பரில், பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தியதும் அதே பிரிவு. சின்னம் மாறவில்லை. அதை அணிபவன் காசினோவின் பெருமையை எடுத்துக்கொண்டு 1962ஐ விட்டுவிட முடியாது. தன் பிரிவின் தோல்வியையும் தோளில் ஏற்பது படைவாழ்வின் கடினமான பகுதி. அதைத் துடைக்க வேண்டும் என்ற வேகம் அசல் உத்தரில் இருந்திருக்கும் என்று கருதுவது மிகையாகாது.

இந்திய ராணுவத்தில் அமெரிக்க வலத்தோள் வழக்கம் இல்லை. அந்த வேலையைப் பதக்கங்கள் செய்கின்றன. 1971 போருக்குக் கிழக்கு முனையில் நின்றவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் நின்றவருக்குப் பஸ்சிமி ஸ்டார். பொதுவாகப் பணியில் இருந்தவருக்குச் சங்ராம் மெடல். 1999 கார்கிலிலும் இதே பாகுபாடு தொடர்ந்தது: போர்ப்பகுதியில் இருந்தவருக்கு ஆப் விஜய் ஸ்டார், அந்தப் போருக்காகத் திரட்டப்பட்ட மற்றவருக்கு ஆப் விஜய் மெடல். பகைவரின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவருக்கு 1973 முதல் தனிப்பதக்கம் உண்டு. இன்று அதன் பெயர் பராக்ரம் பதக். பணி ஓய்வு பெற்றவர் குடியரசு நாளில் மார்பில் இவற்றை வரிசையாகக் குத்திக்கொண்டு வந்தால், விவரம் தெரிந்த இன்னொரு பட்டாளத்துக்காரர் ரிப்பன் நிறங்களைப் பார்த்தே அவர் எந்த ஆண்டு எங்கே நின்றார் என்று சொல்லிவிடுவார்.

பொதுமக்கள் இந்த நுணுக்கத்தை ஒருமுறை கண்டு வியந்தார்கள். 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் தோனியின் கையுறையில் ஒரு குத்துவாள் சின்னம் தெரிந்தது. பாரா சிறப்புப் படையினரின் பலிதான் சின்னம் அது. ஆட்ட விதிக்கு ஒவ்வாது என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதை அனுமதிக்கவில்லை. தொலைக்காட்சி விவாதங்கள் விதியையும் தேசப்பற்றையும் சுற்றி நடந்தன. முன்னாள் ராணுவத்தினர் பலரின் பேச்சு மட்டும் வேறு திசையில் போனது: அந்தச் சின்னத்தை அணியும் உரிமை யாருக்கு, அதை அடைய ஒரு சிப்பாய் எத்தனை கடும் சோதனைகளைத் தாண்ட வேண்டும் என்பது பற்றி.