காவல் முடிந்த பிறகு

நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் காய் திரளத் தொடங்கியதும் காவலுக்கு ஆள் போடுவார்கள். ஆளோடு ஒரு நாயும் போகும். ராத்திரியில் சருகு சரசரத்தால் முதலில் எழுவது நாய்தான், ஆள் அப்புறம்தான். ஆட்டுப்பட்டியிலும் இதே கதை. குரைக்கிற வரைக்கும் அதுக்குப் பேர் உண்டு, சோறு உண்டு. பத்துப் பன்னிரண்டு வயசாகி, காது மந்தமாகி, கண்ணில் நீலம் பூத்து, பின்னங்கால் இழுக்க ஆரம்பித்ததும் தோப்புக்கு வேற குட்டி வந்துவிடும். பழசு என்ன ஆகும்? “கெழடு தட்டிருச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வரலாற்றிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வருகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்துபட, அவனுடைய நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற செய்தியை அது சொல்கிறது. நாயின் பெயர் கோவிவன். வீரனோடு நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். 1,400 வருஷம் கழித்தும் ஒரு நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட முடிகிறது என்பது லேசான விஷயமில்லை. ஆனால் கோவிவனுக்குக் கல் கிடைத்தது சண்டையில் நின்றதால். திண்ணையிலேயே படுத்துக் கிழடான நாய்க்கு யார் கல் நடுவார்?

கிரேக்கர்களிடம் ஒரு கிழட்டு நாய் இருக்கிறது, ஒடிஸி காவியத்தின் ஆர்கோஸ். இருபது வருஷம் கழித்து மாறுவேடத்தில் வீடு திரும்பும் ஒடிஸியஸை, வாசலில் சாணக் குவியல்மேல் உண்ணி மொய்க்கக் கிடக்கும் அந்த நாய் அடையாளம் காண்கிறது, வாலாட்டுகிறது, செத்துப்போகிறது. அங்கேயும் முதுமை கண நேரக் காட்சிதான்.

அந்த அன்றாடத்தை உட்கார்ந்து பார்க்கச் சினிமா வர வேண்டியிருந்தது. 1952 ஜனவரியில் இத்தாலியில் வெளியானது ‘உம்பர்த்தோ டி’. இயக்கம் விட்டோரியோ டி சிகா, எழுத்து செசாரே சவாட்டினி. ஓய்வூதியத்தை உயர்த்தச் சொல்லிக் கிழவர்கள் ரோம் நகரத் தெருவில் ஊர்வலம் போவதில் படம் தொடங்குகிறது. போலீஸ் வந்து கலைக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் உம்பர்த்தோ. முன்னாள் அரசு ஊழியர், வாடகை பாக்கி, துணைக்கு ஃப்ளைக் என்ற நாய். அவராக நடித்த கார்லோ பத்திஸ்தி நடிகரே அல்ல, மொழியியல் பேராசிரியர். அப்போது அரசில் சினிமாவைக் கவனித்துவந்தவரும் பின்னாளில் பிரதமரானவருமான ஜூலியோ ஆந்த்ரியோத்தி, இந்தப் படம் இத்தாலியின் மானத்தை வாங்குகிறது என்கிற தொனியில் பகிரங்கமாகவே கடிதம் எழுதினார். வசூலிலும் படம் விழுந்தது.

அதே 1952 ஜனவரியில்தான் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அதில் திரையிடப்பட்டது. 1959இல் சத்யஜித் ராய் தலைமையில் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. பிறகு 16 எம்எம் பிரதிகள், டிவிடி, ஆனந்த விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் என்று அந்த ரசனை எங்க ஊர் மாதிரி இடங்களுக்கும் வந்து சேர்ந்தது. எங்களுக்கு அது லேப்டாப் வழியாக வந்தது.

எங்க வீட்டு மணிக்கு இப்போது 13 வயசு. போன மாசம் ஒரு சாயங்காலம் அது பக்கத்தில் படுத்திருக்க இந்தப் படத்தைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரப் படம் முடிய மூணு மணி நேரம் ஆச்சு. ரெண்டு தடவை வெளியே கூட்டிப் போகணும். படியில் இறங்க வயித்துக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கணும். ரசஞ்சோறைக் குழையப் பிசையணும். ஆனால் படம் அறுபட்ட மாதிரியே இல்லை. அதில் வேலைக்காரப் பெண் மரியா காலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, சுவரில் ஊரும் எறும்பைத் தண்ணீர் விட்டு விரட்டி, காப்பிக்கொட்டை அரைத்து, உட்கார்ந்தபடியே காலை நீட்டிக் கதவைச் சாத்துகிற காட்சி ஒன்று வரும். கதை ஒரு அடிகூட நகராது. வயசான நாயோடு இருப்பவர்களுக்கு அந்த வேகம் புதுசே இல்லை.

உம்பர்த்தோ ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது நாய் காணாமல் போயிருக்கும். நாய் பிடிக்கும் கூடத்தில், கொல்ல அனுப்பும் வரிசைகளுக்கு நடுவே தேடுவார். நம்ம ஊரிலும் தெருநாயைக் கொல்வதற்குப் பதில் கருத்தடைதான் வழி என்று மத்திய அரசின் விதி வந்தது 2001இல்தான்.

கடைசியில் உம்பர்த்தோ நாயைத் தூக்கிக்கொண்டு ரயில் தண்டவாளத்துக்குப் போகிறார். அது அலறித் திமிறி ஓடிவிடுகிறது. அப்புறம் அவர் கூப்பிட்டாலும் வர மறுக்கிறது. ஒரு பைன் காயை வைத்து விளையாட்டுக் காட்டி, அதன் நம்பிக்கையை அவர் மறுபடி சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. கோவிவன் தொட்டு இன்றுவரை நாய் என்றால் நன்றி என்று படித்து வளர்ந்த நமக்கு இது அதிர்ச்சிதான். இங்கே கடன்பட்டவன் மனுஷன்.

நமக்கும் ஒரு தண்டவாளம் உண்டு. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் கறுப்பியை அங்கேதான் சாதி வெறி கட்டிப்போட்டுக் கொல்கிறது. ஊரே கூடி அவளை அடக்கம் செய்கிறது. தமிழ் சினிமாவில் ஒரு நாய்க்குக் கிடைத்த மிகப்பெரிய நடுகல் அந்தக் காட்சி என்பேன். ஆனால் கறுப்பிக்கும் கிழவியாகிற கொடுப்பினை இல்லை. செத்த நாய்க்கு அழ நமக்கு மரபு இருக்கிறது. தள்ளாடும் நாயோடு வாழ்வதற்குத்தான் மாதிரி எதுவும் இல்லை.

மனுஷனுக்கே அது தாமதமாகத்தான் வந்தது. சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது, 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. உழைப்பு நின்ற பிறகும் ஓர் உயிருக்குச் சோறு பாக்கி இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. உம்பர்த்தோவின் ஊர்வலம் கேட்டதும் அதைத்தான். தோப்பு நாய்க்கு அப்படி ஊர்வலம் போக முடியாது. அதனால் அந்தக் கணக்கை அதன் சோற்றுச் சட்டியில் நாம்தான் வைக்க வேண்டும், குரைக்காத வருஷங்களுக்கும் சேர்த்து.