ஒற்றைக் கோடு

பம்பாயிலும் தில்லியிலும் அலுவலகக் கணக்கெழுதிய நம் முன்னோர் ஒரு விதியைக் கண்ணெனப் போற்றினர். பேரேட்டில் பிழை நேர்ந்தால் மையைச் சுரண்டலாகாது. தவறான தொகையின் மீது ஒற்றைக் கோடிட்டு, அதனைப் படிக்கக்கூடியதாகவே விட்டு, சரியான தொகையை மேலே எழுதிச் சுருக்கொப்பமிட வேண்டும். பிழை செய்தல் குற்றமன்று, மறைத்தலே குற்றம் என்னும் அறம் அக்கோட்டில் அடங்கியிருந்தது.

கணிப்பொறி வந்தது, கோடு போயிற்று. நேற்றுப் பதிந்த தொகையை இன்று மாற்றினால் பழையதன் சுவடே இராதபடி பல மென்பொருள்கள் அமைந்தன. வேலை விரைந்ததென்று மகிழ்ந்தோமேயன்றி, இழந்தது இன்னதென்று நெடுநாள் உணர்ந்தோமில்லை.

ஐதராபாத்தின் சத்யம் நிறுவனத்தை நேயர்கள் மறந்திரார். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், ஏட்டிற் கண்ட ரொக்கமும் வங்கி இருப்புமாகிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணமென ஒப்புக்கொண்டது. 7,561 போலி விலைப்பட்டியல்கள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, தனியுரிமை பெற்ற நுழைவின் வாயிலாகப் பிறர் கண்ணுக்குப் படாமல் மறைக்கப்பட்டமை விசாரணையில் வெளிப்பட்டது. பொறி பழுதுபடவில்லை, ஏவியதையே செய்தது.

2021 மார்ச் 24 அன்று மத்திய அரசு கம்பெனிக் கணக்கு விதிகளைத் திருத்தியது. இருமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியுடன் பதிதல் வேண்டும். அப்பதிவை நிறுத்திவைக்க இயலாதிருத்தல் வேண்டும். ஆண்டு முழுதும் அது இயங்கியதா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையிற் கூறுதலும் கடமையாயிற்று. பழைய கணக்கரின் கோடு சட்டமாகி, நிரலாகி மீண்டது.

எல்லா அறமும் இவ்வாறு மீளுமா? 1949-ஆம் ஆண்டின் சார்ட்டர்டு அக்கவுண்டண்டுகள் சட்டம், உரிய கவனமின்றித் தொழில் செய்வதை ஒழுக்கக்கேடென வகுத்துள்ளது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் 'உரிய கவனம்' என்று இரு சொற்களில் எழுதிவிட்டுத் தப்பிவிடுகிறோம். நிரல் எழுதுவோர்க்கு அந்த வசதி இல்லை. எவ்வளவு கவனம், எவர் மீது ஐயம் என்று பொறிக்கு அறுதியிட்டுச் சொல்லியாக வேண்டும். சத்யத்தில் வங்கிக் கணக்குத் தாள்களும் வைப்புநிதி இரசீதுகளுமே போலியாயிருந்தன. 'வங்கியின் உறுதிக் கடிதம் பெறப்பட்டதா' என்று கேட்டு, விடை பதியாவிடில் மேலே செல்ல விடாதபடி நிரல் அமைக்கலாம். 'ஆம்' என்று பதிபவர், அக்கடிதம் வங்கியிலிருந்து நேரே வந்ததா, நிறுவனத்தார் கைவழி வந்ததா என்று உறையைத் திருப்பிப் பார்த்தாரா என்பது அந்தப் பதிவில் இராது.